மாங்காய் அறுத்தவள்

ஓரகத்தி மகனுக்கு அமெரிக்கா விசா கிடைத்தது என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் மகனும் என் மகளும் பிறந்தது ஒரே வருஷம், நகரியில் ஒரே வீட்டில். அவன் கம்ப்யூட்டர் படித்து விமானம் ஏறப் போகிறான். என் மகளை இன்னமும் நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன்.

அதற்குக் காரணம் நானே என்று நம்பியிருந்தேன். நாங்கள் இருவரும் மாசமாக இருந்தபோது கிரகணம் வந்தது. எதையும் அறுக்கக் கூடாது என்று மாமியார் எங்களை உள்ளே படுக்க வைத்தார். தறியில் நூல் சிக்கிக் கிடந்தது. பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய் பிளேடால் அறுத்தேன். மாமியார் பார்த்துவிட்டார். இரண்டு வயதாகியும் மகளுக்குக் கால் ஊன்றாதபோது ஊரே அந்த பிளேடைத்தான் சொன்னது. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டியதால் வந்தது என்று திருப்பதி டாக்டர் விளக்கினார். "மீ தப்பு ஏமீ லேதம்மா" என்றார். என் தப்பில்லை என்று தெலுங்கில் சொன்னால் மட்டும் மனசு கேட்டுவிடுமா?

விசாவுக்கான வேண்டுதலை முடிக்க ஓரகத்தி என்னைத் துணைக்கு அழைத்தாள். திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து அவள் படிக்குப் படி மஞ்சள் பூச, பின்னாலேயே நான் குங்குமம் வைத்தேன். அத்தனை படியும் அவள் பிள்ளைக்கு.

பாதி வழியில் உட்கார்ந்தோம். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய் வாங்கியவள் சிரித்தாள்.

"கிரகணத்தன்னிக்கு நீ தறியாண்ட போனப்ப நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன் தெரியுமாக்கா? சமையல்கட்டுல ஒளிஞ்சிக்கினு மாங்கா அறுத்துத் துன்னேன். அத்த உன்னத்தான் பாத்துச்சு, என்னப் பாக்கல."

"இத்தினி வருசமா ஏன்டீ சொல்லல?"

"சொன்னா என்னியும் திட்டுவாங்கன்னுதான்."

அங்கேயே அவளை உருட்டிவிடலாம் போலிருந்தது. இதிலும் அவளுக்கே அதிர்ஷ்டமா? பல்லைக் கடித்துக்கொண்டு நாலு படி ஏறினேன். அடுத்த படியில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவளும்தானே அறுத்தாள்! அறுத்ததால் கால் போகும் என்றால் அவன் கால் ஏன் போகவில்லை?

பொறாமை ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், அப்பாவுக்கு வைத்த லட்டையும் மகள் பிடுங்கி வாயில் அடைத்தபோது, "ஏன்டீ, ஒங்க நைனாவுக்கு வாணாவா?" என்று அதட்டினேன். அதுவரை அவளை அதட்டியதே இல்லை. எந்த முகத்தோடு அதட்டியிருப்பேன்? அவள் வாய் நிறைய லட்டோடு என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன்.