நிறுத்தச் சொன்னது என் காதில் விழுந்தது

எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எவரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். "எஞ்சின் மெக்கானிக்கா? அந்தாளுக்கு எடது காது செவுடுபா, வலது பக்கமா நின்னு கத்து" என்றுதான் சொல்வார்கள். என் மனைவியும் அப்படித்தான் நம்புகிறாள். பொய்! என் இடது காதில் கொசு பறந்தாலும் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. "நிறுத்து மாமா!" என்று தேவராஜ் அலறியது தெள்ளத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை.

தேவராஜ் என் மனைவி கௌரியின் தம்பி. அவன் வலக்கையில் மூன்று விரல்கள் இன்று செத்துக் கிடப்பதற்கு நானே காரணம். ஊர் அதை விபத்து என்கிறது. நீங்களும் அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள்... முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் என்ன தொழில் செய்தான் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவனுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. குப்பத்தை ஒட்டிய ஏரியில் கழுத்தளவு தண்ணீர் வரும்படி உட்கார்ந்து, இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பான். கலங்கிய நீரில் கண்ணால் ஆகிற வேலை ஒன்றுமில்லை. இறாலின் மீசை விரல் நுனியில் பட வேண்டும். பட்ட அந்தக் கணமே அமுக்க வேண்டும். அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த விரல் நுனிகளால்தான்.

என்னைப் பற்றியும் சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். சரிபார்த்துக் கொடுத்த எஞ்சின் மறுபடியும் இருமுகிறது என்று குறை சொன்ன ஒருவன் மேல் ஸ்பேனரை வீசி, அவன் புருவத்தைக் கிழித்திருக்கிறேன். தையல் போட்டார்கள். கௌரியை மட்டும் அடித்ததில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது... ஆனால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அடித்திருக்கிறேன். சோற்றில் உப்புக் கூடியதற்கெல்லாம் அடித்திருக்கிறேன்.

அவன் கையைக் கிழித்த அந்தக் குட்டி எஞ்சின் சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவருக்கு நீர்க்காகங்களின் தொல்லை. கூட்டமாக இறங்கிக் குட்டையையே காலி செய்துவிடுமாம். அவருடைய அண்ணன் வாலிபத்தில் பறக்கவிட்டு விளையாடிய சிறிய விமானம் ஒன்று பல வருடங்களாகத் தகரப் பெட்டியில் கிடந்திருக்கிறது. அதைக் கோணிப்பையில் சுருட்டி எடுத்துவந்தார்.

"இத மட்டும் ஓட வெச்சுக் குடு மெக்கானிக்கு. குட்டைய ரெண்டு சுத்து சுத்துனா போதும், ஒரு பறவ வராது" என்றார். எரிபொருளையும், பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியையும் கூடவே கொடுத்துவிட்டுப் போனார்.

விமானத்திலிருந்து கழற்றியபோது என் கைமுஷ்டி அளவுதான் இருந்தது அந்த எஞ்சின். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் படகு எஞ்சின்கள் இறுகிப்போய் என்னிடம் வரும். பிளக் துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு, காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுப்பேன். இதையும் அப்படியே செய்தேன். அசையவில்லை! இடுக்கியால் பிடித்துத் திருகினேன். தண்டில் இடுக்கியின் பல் பதிந்ததே தவிர, அது திரும்பவில்லை. சுத்தியலாலும் இரண்டு போடு போட்டேன்.

பிறகுதான் மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்! இந்த வகை எஞ்சினுக்கு எரிபொருளிலேயே விளக்கெண்ணெயைக் கலப்பார்களாம். அது உள்ளே காய்ந்து பிசினாகிக் கிடந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டுவைத்தேன். பழுப்பாக எண்ணெய் கசிந்து மிதந்தது. துணியால் பிடித்துத் திருப்பியதும், தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு! ஷெட்டுக்கு வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இருந்திருக்கலாம்...

அதற்குக் கயிறு கிடையாது. முன்னால் விசிறியை மாட்டி, அதை விரலால் தட்டித்தான் கிளப்ப வேண்டும். தட்டினேன். அது எதிர்ப்பக்கமாகத் திரும்பி என் விரலையே அடித்தது. நகம் பாதி பெயர்ந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் அடித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏரியிலிருந்து ஈரத்துணியோடு வந்திருந்த தேவராஜும் சிரித்தான்.

"இன்னா மாமா, எம்மாம் பெரிய எஞ்சினெல்லாம் உங்கிட்ட கம்முனு கெடக்குது, இந்தக் குஞ்சு உன்னக் கொத்துது!"

நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அதோடு அவன் விட்டிருந்தால்...

"அக்காவ அறையும்போது மட்டும் கை கரீட்டா போவுது. இப்ப இன்னா ஆச்சி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் கண்கள் சிரிக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் கௌரியின் கன்னம் வீங்கியிருந்ததை அவன் பார்த்திருந்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்; ஆனால் அதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. என் காதுமடல் இரண்டும் கொதித்தன. அவன் சொன்னது உண்மை! உண்மையாக இருந்ததால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனோ அத்தோடு மறந்துவிட்டவன்போல முன்னால் வந்தான். "சரி, பலகைல கட்டு மாமா. நான் புட்சிக்கிறேன்" என்றான்.

கரையில் வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது அதைப் பலகையில் கட்டுவோம். ஒருவன் பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்வான். எங்கள் கரை முழுவதும் இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பிடிக்கிறவன் "நிறுத்து" என்றால் மெக்கானிக் உடனே நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியே கூடாது. பலகை ஆடுவது பிடிக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒருவன் இன்னொருவனுடைய எஞ்சினுக்கு முன்னால் கையை நீட்டுகிறான்.

எஞ்சினின் இருபுறமும் துளையிருந்தும் அதற்கேற்ற சின்ன போல்ட்டுகளை நான் தேடவில்லை. படகில் கட்டுகிற பழக்கத்தில் நைலான் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். படகு எஞ்சின் தன் புகையையும் எண்ணெயையும் தண்ணீருக்குள் விட்டுவிடும். இது அப்படியல்ல. சுற்றிலும் விளக்கெண்ணெயைத் துப்பும். எண்ணெய் பட்டால் நைலான் முடிச்சு வழுக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. அதுவரை நடந்தது மடத்தனம். அதற்குப் பிறகு நடந்தது மடத்தனமல்ல.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. சின்னதுதான், ஆனால் என்ன அலறல்! விசிறி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. தேவராஜ் என் இடப்பக்கம் மண்டியிட்டுப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தான். எரிபொருள் வரும் ரப்பர் குழாய் என் இரண்டு விரல்களின் நடுவே இருந்தது. கிள்ளினால் போதும், நின்றுவிடும்.

"நிறுத்து மாமா! கட்டு அவுறுது!"

கேட்டது. அவன் கண்களில் பயத்தையும் பார்த்தேன். அந்தப் பயம் எனக்கு இனித்தது! இப்போது சொல்லடா, என் கையைப் பற்றி இப்போது பேசடா என்று மனத்துக்குள் கறுவினேன். குழாயைக் கிள்ளாமல், வேகத்தைக் கூட்டும் ஊசித்திருகைத் திருகினேன். எஞ்சின் இன்னும் வெறிகொண்டு கத்தியது.

"நிறுத்து...!"

இரண்டாம் முறையும் கேட்டது. கொஞ்சம் கதறட்டும் என்று விட்டேன். விரல் போக வேண்டும் என்று நினைத்தேனா? தெரியவில்லை... எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். போகக்கூடாது என்று நினைக்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

முடிச்சு நழுவியது. எஞ்சின் பலகையின்மேல் திரும்பி என் வயிற்றை நோக்கித் துள்ளியது. தேவராஜ் பலகையை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பாய்ந்து எஞ்சினையே வலக்கையால் அமுக்கினான், சேற்றில் இறாலை அமுக்குவதுபோல. விசிறி அவன் விரல்களுக்குள் புகுந்தது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது, வாய்க்குள்ளும் போனது. விசிறி முறிந்தபிறகுதான் எஞ்சின் நின்றது. கிழிந்த சதைக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அவன் முதலில் என்ன கேட்டான் தெரியுமா உங்களுக்கு? "உனுக்கு ஒண்ணும் ஆவலயே மாமா?"

"கேக்கலடா! நீ சொன்னது எனுக்குக் கேக்கலடா தேவா!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டேன். என் முதல் பொய் அது.

இரண்டாவது பொய்யை அவனே எனக்குக் கொடுத்தான். கைக்கட்டோடு வீட்டில் கிடந்தபோது ஊர்ப் பெரியவர்கள் வந்து, "பக்கத்துல கீறவன் கத்துனது எப்பிடிய்யா கேக்காம பூடும்?" என்று என்னைக் குடைந்தார்கள். தேவராஜ் படுத்தபடியே சொன்னான்: "எத்தினி வருசமா எஞ்சின் சத்தத்துல கெடக்குது மாமா. அந்தப் பக்கத்துக் காது அடச்சிருக்கும். அதுங்கிட்ட கேக்காதீங்க."

அன்றிலிருந்து நான் செவிடன்.

கௌரி அன்றிரவே பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சினாள். என் தலையைத் தன் மடியில் சாய்த்து இடது காதில் சொட்டுச் சொட்டாக விட்டாள். "எந்தம்பி வெரலையும் தின்னுச்சி, உன் காதையும் தின்னுச்சி, பாழாப்போன எஞ்சினு" என்று அழுதாள். அவள் கன்னத்தின் வீக்கம் அப்போதும் வடியவில்லை. அந்த மடியில்... நான் படுத்திருந்தேன்! அதற்குப் பிறகு அவள்மேல் நான் கை வைக்கவில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு என் கையைக் கண்டாலே பயம்.

விரல்களைத் தைத்துவிட்டார்கள். நரம்பு மட்டும் கூடவில்லை. விரல்கள் இருக்கின்றன, மடங்குவதில்லை, சூடு தெரியாது, வலி தெரியாது. கட்டுப் பிரித்ததும் அவன் ஏரியில் இறங்கினான். நானும் கரையில் நின்றிருந்தேன். வெகுநேரம் தடவினான். பல்லில் கடித்த பறி காலியாகவே மிதந்தது. கையை வெளியே எடுத்தபோது நடுவிரலில் ஒரு நண்டு கொடுக்கைப் பதித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் வழிந்தது. அவனுக்குத் தெரியவில்லை! எதிரே இருந்தவர்கள் கூச்சல் போட்டபிறகுதான் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகப் பறியைத் தண்ணீரில் விட்டான்.

இப்போது அவன் என் ஷெட்டில்தான் வேலை செய்கிறான். மண்ணெண்ணெய் கொண்டுவருகிறான், இடக்கையால் பலகை பிடிக்கிறான். ஊர் என்னைப் புகழ்கிறது, மச்சானைக் கைவிடாத நல்ல மனுசன் என்று. கேட்டீர்களா?

போன வாரம் ஒரு படகு எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே யாருமில்லை. தேவராஜ் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். திடீரென்று, மூச்சுவிடும் அளவுக்குத் தணிந்த குரலில், அந்தச் செவிட்டுக் காதுக்குப் பக்கத்தில் சொன்னான்.

"அன்னிக்கு உனுக்குக் காதுல வுழுந்துச்சி... இல்ல மாமா?"

என் கையில் நட்டு இருந்தது. தலையைத் திருப்பினாலே போதும், அதுவே பதில். ஒருவேளை அதற்காகத்தான் அவன் இத்தனை நாள் காத்திருந்தானோ! ஆமாம்டா என்று அவன் காலில் விழுந்திருக்கலாம். வாயைத் திறக்கவாவது செய்திருக்கலாம்...

நான் நட்டை இறுக்கினேன். இறுகியபின்னும் இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

தேவராஜ் எழுந்து, சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினான். "ஸ்பேனர் வோணுமா மாமா?"

"குடு" என்றேன்.

வலக்கையால் எடுத்து நீட்டினான். அந்த விரல்களிலிருந்து அது நழுவி என் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து, இடக்கையால் பொறுக்கி, மறுபடியும் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.