அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரி

கொரின் ஹலுஷ்காவுக்குக் கோபம் வந்தால் கை வேகம் கூடும். விசைப்பலகை சோளம் பொரிவதுபோல் பொரியும். அமெரிக்காவின் ஈரி நகரத்தில், ஏரியைப் பார்த்த ஐந்தாவது மாடியில், அவள் வேலைசெய்த பிரெண்டிஸ் காரோ வக்கீல் நிறுவனத்தில் எல்லோருக்கும் அது தெரியும். "கொரின் அடிக்கறா, யாரும் கிட்டப் போகாதீங்க" என்பார்கள்.

ஆண்டுக்கொரு முறை நிறுவனத்தின் வெற்றிப் பட்டியலைப் புதுப்பிப்பது அவள் வேலை. பல்கலைக்கழகங்களுக்காகவும் முதலாளிகளுக்காகவும் வாதாடிய சிவில் வழக்குகளை இணையப் பக்கத்தில் வரிசையாகப் போடுவார்கள். யார் பெயரும் வராது. 'முன்னாள் பணியாளர் ஒருவர் தொடுத்த வழக்கு, விசாரணைக்கு முன்பே தள்ளுபடி.' இப்படி அறுபத்து நாலு வரிகள். கால் நூற்றாண்டு கழிப்பறை கழுவியவரும் முன்னாள் பணியாளர்தான். கர்ப்பமாக இருந்தபோது வேலையை இழந்தவளும் முன்னாள் பணியாளர்தான். அந்த இரண்டு சொல்லை அடிக்கும்போதெல்லாம் ஒரு மனுஷியை அழித்துவிட்டு அடிப்பதாகவே அவளுக்குத் தோன்றும். தோன்றியும் ஐந்து வருஷமாக அடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வக்கீல் இல்லை. வக்கீலுக்கு வேண்டிய காகிதங்களைத் தேடி, எண் போட்டு, அடுக்கிக் கொடுப்பவள். வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவளும் அவள்தான். பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறையில் முதுகு தேய்ந்த அப்பா ஸ்டான், அவளைப் பற்றிச் சொல்லும்போது "எங்க வக்கீலம்மா" என்பார்.

"நான் வக்கீல் இல்லப்பா."

"சரி விடு. எந்தப் பக்கம் வேலை செய்யற, தொழிலாளி பக்கமா, முதலாளி பக்கமா?"

"சம்பளம் குடுக்கற பக்கம்."

"ம்" என்று அவர் பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டையைப் பிட்டுத் தின்பார். அந்த ஒரு 'ம்' அவளை ஒரு வாரம் அரிக்கும்.

ரெனாட்டா செஸ்லாக்கின் வழக்கு வந்தபோது அந்த அரிப்பு புண்ணாகிவிட்டது.

ரெனாட்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. செயின்ட் ஆல்ட்ரிக் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் தட்டுக் கழுவியவர். புதிதாக வந்த மேலாளர் ஐம்பது தாண்டிய பெண்களின் வேலை நேரத்தை மட்டும் வெட்டினார், "பழைய சட்டிங்களை எல்லாம் கடாசணும்" என்று கேலி பேசினார். ரெனாட்டா கடிதம் எழுதி, மனிதவளத் துறைத் தலைவி மார்ஜரி ஸ்டான்ட்டின் கையிலேயே கொடுத்தார். மூன்றே வாரத்தில் வேலை போயிற்று. தாமதமாக வந்தாராம். புகார் கொடுத்ததற்காகத்தான் நீக்கினார்கள் என்று நிரூபித்தால் வழக்கு நிற்கும். அதற்கு முதலில் புகார் போய்ச் சேர்ந்ததை நிரூபிக்க வேண்டும். அது இல்லையென்றால் வழக்கே இல்லை. மார்ஜரி தன் வாக்குமூலத்தில் சத்தியம் செய்துவிட்டு, "அப்படி ஒரு கடிதம் வந்ததா எனக்கு ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டார்.

கடிதம் வந்தது கொரினுக்குத் தெரியும். தங்கள் கட்சிக்காரரான பல்கலைக்கழகம் அனுப்பிய மின்னஞ்சல் குவியலில், மார்ச் ஒன்பதாம் தேதி மார்ஜரி மேலாளருக்கு எழுதியதை அவளே படித்திருந்தாள். 'ரெனாட்டா கடிதம் கொடுத்துவிட்டுப் போனாள். வயதைப் பற்றி எழுதியிருக்கிறாள். இவளை எப்படி அனுப்புவது என்று யோசியுங்கள்.' மேலே தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: 'ரகசியம் – வழக்கறிஞர் ஆலோசனைக்காக.' பல்கலைக்கழக வக்கீலுக்கும் ஒரு நகல்.

வக்கீலிடம் ஆலோசனை கேட்டு எழுதியதை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியதில்லை. சட்டம் அப்படி. அதனால் மார்ஜரி எதை எழுதினாலும் அந்தத் தலைப்பைப் போட்டு வக்கீலுக்கு ஒரு நகல் தட்டிவிடுவார். சாமி படம் மாட்டிவிட்டால் சாராயக்கடையும் கோயில் என்கிற கணக்கு.

வழக்கு விசாரணைக்கு முன், இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து ரெனாட்டாவிடம் வாக்குமூலம் வாங்கிய அன்று கொரின் மேசையின் ஓரத்தில் ஆவணக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டவர் அவளுடைய மேலதிகாரி கீத் காரோ. குரலை உயர்த்தவே மாட்டார். தாழ்த்தித் தாழ்த்தியே ஆளைத் தரையில் உட்காரவைப்பார்.

"கடிதத்துக்கு நகல் வெச்சிருக்கீங்களா, மிஸஸ் செஸ்லாக்?"

"இல்லைங்க."

"போட்டோ ஏதாவது?"

"கையில குடுத்தேன். வாங்கி மேசை மேல வெச்சாங்க. நன்றின்னு கூடச் சொன்னாங்க."

"அதாவது, எழுத்துல உங்ககிட்ட எதுவுமே இல்லை."

"இருபத்திரண்டு வருஷம் ஒரே எடத்துல வேலை பார்த்தேன். கூட வேலை செய்யறவங்க வாங்கின காகிதத்தை வாங்கலைன்னு சொல்வாங்கன்னு நெனச்சா நகல் எடுத்திருப்பேன்."

"எதுவுமே இல்லை. சரிதானே?"

"இல்லைங்க."

ரெனாட்டாவின் விரல் நுனிகள் வெந்நீரில் வெளுத்து, கோடு கோடாக வெடித்திருந்தன. பக்கத்தில் அவருடைய வக்கீல் டெலூக்கா, சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் அலுவலகம் நடத்துபவர், குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கொரினின் முழங்காலருகே இருந்த பெட்டியில் அந்த அஞ்சலின் அச்சுப் பிரதி இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தால் வேலை போகும். அதோடு, ஒரு கட்சிக்காரரின் ரகசியத்தைத் திருடியவள் என்ற பெயர் ஆயுசுக்கும் நிற்கும். அவள் எடுக்கவில்லை. பற்களைக் கடித்த கடியில் தாடை மூன்று நாள் வலித்தது.

ரகசியம் என்று சொல்லி மறைத்தாலும், எதையெல்லாம் மறைக்கிறோம் என்று எதிர்த்தரப்புக்கு ஒரு பட்டியல் தந்தாக வேண்டும்: தேதி, யார், யாருக்கு, எதைப் பற்றி, ஏன் ரகசியம். அதைத் தயாரிப்பது கொரின். வழக்கமாக ஒவ்வொன்றையும் படித்து, தலைப்பு மட்டும் போட்ட வெற்று அஞ்சல்களைக் கழித்துவிட்டு, நாலு பேர் பார்த்தால் மானம் போகாத பட்டியலாக நீட்டுவாள்.

இந்த முறை காரோ அவள் மேசையில் சாய்ந்துகொண்டு, "எவ்வளவு நாளாகும்?" என்றார்.

"படிச்சுப் பிரிக்க ரெண்டு வாரம். இதுல பாதி ரகசியமே இல்லை, கீத். அந்த மார்ச் ஒன்பது அஞ்சல்கூட..."

"ரகசியமா இல்லையான்னு நான் முடிவு பண்றேன். தலைப்பு இருக்கா? பட்டியல்ல போடு. எல்லாத்தையும். வெள்ளிக்கிழமை வேணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம்னா எல்லாம். நீ யோசிக்கறதுக்கு யாரும் இங்க சம்பளம் தரலை."

அவர் போன பிறகு அவள் அடிக்கத் தொடங்கினாள். அறை முழுக்கப் பொரிந்தது.

எல்லாவற்றையும் போட்டாள். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் போட்டாள். வாகன நிறுத்தத்தில் பனி அள்ளும் அறிவிப்பு, காணாமற்போன காப்பிக் கோப்பை, ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். தேதிவாரியாக அடுக்கியதில் அறுநூற்றுப் பதினோராவது வரியில் வந்து நின்றது: 'மார்ச் பிறந்தநாள் காரட் கேக், இரண்டாம் மாடி, கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லவும்.' எதிரே காரணம்: 'சட்ட ஆலோசனை கோரி எழுதியது.' அதற்கு அடுத்த வரி, அதே தேதி, மார்ஜரி மேலாளருக்கு எழுதியது: 'பணியாளர் விவகாரம்.'

கேக்கை எடுத்துவிடலாமா என்று கொரின் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தாள். மற்ற வழக்குகளில் அவளே எத்தனை கேக்குகளை எடுத்திருக்கிறாள். அவள் எடுத்ததால்தான் அந்தப் பட்டியல்களை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அறுபத்து நாலு வெற்றிகளில் எத்தனை அப்படி வந்தன? அவளால் எண்ண முடியவில்லை. எண்ணப் பயமாக இருந்தது. இப்போது சும்மா இருப்பது நேர்மையா, இல்லை கோழைத்தனத்துக்கு நேர்மை என்று சட்டை மாட்டிவிடுவதா? தெரியவில்லை. சொன்னதைச் செய்தாள். காரோ கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். மற்ற பக்கங்களைத் தொடவே இல்லை.

டெலூக்கா ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் படித்துவிட்டு நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்பினார். மறுமாதம் ஆட்டவே என்ற நீதிபதி இரண்டு தரப்பையும் அழைத்தார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"மிஸ்டர் காரோ, காரட் கேக்குல என்ன சட்ட ஆலோசனை?"

"அது... தவறுதலா நுழைஞ்சிருக்கும், ஐயா."

"கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாங்க."

"கொட்டைப் பருப்பு ஒவ்வாதவங்களுக்கு வக்கீல் என்ன சொன்னார்னு எனக்கும் தெரியணும். எல்லாத்தையும் என் அறைக்கு அனுப்புங்க. நானே படிக்கறேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். ரெனாட்டா சிரிக்கவில்லை.

ஒன்பது நாளில் உத்தரவு வந்தது. நகல் அனுப்பியதாலேயே எதுவும் ரகசியமாகிவிடாது. வக்கீலிடம் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் அஞ்சல்கள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். மார்ச் ஒன்பதும் அதில் ஒன்று.

காரோ கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "கேக்கைப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு விட்டுட்ட?"

"எல்லாம்னா எல்லாம்னு சொன்னீங்க."

"என்னைப் பழிவாங்கறியா?"

"நீங்க சொன்னதைச் செஞ்சேன், கீத். ஐந்து வருஷமா அதைத்தானே செய்யறேன்." குரல் நடுங்கியது, அது அழுகை என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று இன்னும் கோபம் வந்தது. "அந்தம்மாகிட்ட 'எதுவுமே இல்லை'ன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. அந்த அஞ்சல் எங்க இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்."

புது வருஷத்திலிருந்து அவளை வேறு பிரிவுக்கு மாற்றுவதாக மட்டும் காரோ சொன்னார்.

அதற்குள் மார்ஜரியின் இரண்டாம் வாக்குமூலம் வந்துவிட்டது. அதே மேசை. ஆவணங்களை எடுத்துக் கொடுக்கக் கொரின்தான் இருந்தாள். டெலூக்கா கேட்டதும் அவள் அந்த ஒற்றைத் தாளை மார்ஜரியின் முன் வைத்தாள். மார்ஜரி அதை நெடுநேரம் படித்தார். ஒரே பத்தி, மூன்றே வாக்கியம்.

"மிஸ் ஸ்டான்ட், ரெனாட்டா செஸ்லாக்கோட கடிதம் உங்களுக்குக் கிடைச்சுதா?"

மார்ஜரி காரோவைப் பார்த்தார். காரோ தன் பேனாவைப் பார்த்தார்.

"கிடைச்சது."

ரெனாட்டா டெலூக்காவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். கிசுகிசுப்பதாகத்தான் நினைத்திருப்பார்; தட்டுக்கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல், அறை முழுக்கக் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. சத்தமா."