காருக்கும் லோரிக்கும் ஒரே சாவி

சென்ற வாரம் ஈப்போவில் என் மகனுடைய காருக்குச் சாவிப் பூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. பட்டறைக்காரர் புதுப் பூட்டைப் பொருத்திவிட்டு, இரண்டு சாவிகளை என் கையில் வைத்தார். "ரெண்டு இருக்குண்ணே, போதும் லா" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் நான், "மூணாவது ஒண்ணு வெட்டிக் குடுங்க, இப்பவே!" என்று கத்திவிட்டேன். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். என் கோபத்துக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே எழுதப் போவதில்லை.

அவர் சாவி வெட்டியபோது பித்தளைத் தூள் பறந்தது. காசைக் கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்தால் வருமே, அந்த வாசனைதான். இருபதுகளில் என் சட்டை, சோறு, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசனை இருந்தது. ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், மோட்டார் பட்டறையில் அப்போது நான் பிட்டர். ஊரிலேயே என்னைப்போல் அரம் பிடிக்க ஆளில்லை என்ற நினைப்பு வேறு. அந்த நினைப்பை எண்ணினால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து பட்டறைக்கு ஆள் வந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் காரும் தோட்டத்து லோரியும் ஒரே அமெரிக்கக் கம்பெனி வண்டிகள். லோரிக்குப் புதுப் பூட்டு போட வேண்டும், அதுவும் காரின் சாவிக்கே திறக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. காரணத்தை அங்கே போன பிறகுதான் டிரைவர் மாணிக்கம் அண்ணன் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலில் வெட்டு வந்து கைகால் இழுத்த குழந்தையை, யாரையும் கேட்காமல், லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். குழந்தை பிழைத்துவிட்டது. துரைக்கு அது தெரிந்துவிட்டது.

"லோரி ரப்பருக்கு. உனக்கு இல்லே" என்று என் எதிரிலேயே அவரிடம் சொன்னார் துரை. துரைமார் பேசும் தமிழில் எல்லோரும் 'நீ'தான்.

சாவி இரண்டே இரண்டு. ஒன்று துரையின் கடிகாரச் சங்கிலியில். மற்றொன்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மேசைக்குள். துரை கைப்பட எழுதின சீட்டைக் காட்டினால்தான் கிராணி அதை வெளியே எடுக்க வேண்டும். இதோடும் விடவில்லை. சுவிட்சுக்குப் பின்னால் கம்பியை இழுத்து இணைத்து யாரும் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாதாம். அதற்கு ஓர் இரும்புத் தகடு அடித்து மூடச் சொன்னார்.

பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னத் தகடுகளைக் கார் சாவியின் பல்லுக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அரைநாள் ஆயிற்று. மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி, இன்னொண்ணு தேய்ச்சுக் குடு. யாருக்கும் தெரியாது."

"அது முடியாதுண்ணே. நம்ம தொழில் சுத்தமா இருக்கணும்."

சொன்னேன், வாய் கூசாமல் சொன்னேன். வெட்டாத சாவி ஒன்று என் பெட்டியிலேயே கிடந்தது. பத்து நிமிஷ வேலை. அவர் எழுந்து போனார். நானோ பின்தகட்டை ஆறு ரிவெட் வைத்து அடித்தேன். இரண்டு போதும், ஆறு வைத்தேன். துரை தட்டிப் பார்த்துவிட்டு "குட்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு ஈப்போ போய்ச் சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பால் வெட்டிக்கொண்டிருந்த செல்லம்மாவின் மேல் காய்ந்த கிளை ஒன்று முறிந்து விழுந்தது. தொடை கிழிந்து இரத்தம் நிற்கவில்லை. துரை காரில் ஈப்போ போயிருந்தார். மாணிக்கம் அண்ணன் ஆபீஸுக்கு ஓடினார்.

"சீட்டு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார் கிராணி.

"ஆளு சாவுதுங்க!"

"சீட்டு இல்லாம நான் தொட மாட்டேன். என் வேலை போயிரும்."

மேசைக்குள் இருந்தது சாவி. கை நீட்டினால் எட்டும் தூரம். லோரியின் தகட்டைப் பெயர்க்க மாணிக்கம் அண்ணன் கடப்பாரை போட்டு நெம்பினார். உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம், ரிவெட் அசையவில்லை. கடைசியில் செல்லம்மாவை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். சுங்கை சிப்புட் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. இருபத்திரண்டு வயசு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அடுத்த வாரமே பட்டறைக்கு மறுபடியும் ஆள் வந்தது, நடந்ததையெல்லாம் அவர்தான் சொன்னார். லோரியில் தகடு நசுங்கியிருக்கிறதாம், வந்து சரிசெய்ய வேண்டுமாம். ஒரு பெண் செத்துப்போன இடத்தில் துரையின் கண்ணில் பட்டது தகடுதான். சரி, துரை அப்படி. நான் என்ன செய்தேன்? போனேன். தவுக்கே வேலையைவிட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்துகொண்டு போனேன். நசுங்கலைத் தட்டி நிமிர்த்தினேன். கடப்பாரை நெம்பிய இடமெல்லாம் இரத்தம் காய்ந்து கிடந்தது, துணியில் எண்ணெய் நனைத்துத் துடைத்தேன். துரையையும் கிராணியையும் திட்டுவது எனக்குச் சுலபம். இதைச் சொல்லத்தான் நாக்கு எழமாட்டேன் என்கிறது.

கிளம்பும்போது, அன்று தகட்டைச் சரிசெய்கையிலேயே திருட்டுத்தனமாக வெட்டி வைத்திருந்த மூன்றாவது சாவியை மாணிக்கம் அண்ணனிடம் நீட்டினேன். துணி சுற்றிய கையால் வாங்கிப் பார்த்தார். திருப்பி என் பெட்டிக்குள்ளேயே போட்டார்.

"இப்ப யார ஏத்திட்டுப் போக, தம்பி?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை.

துரை கப்பலேறிப் போனார். சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், போனான். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, சனங்களை மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு அனுப்பினார்கள். பால் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. செல்லம்மாவைப் புதைத்த மேட்டைப் பார்க்கலாம் என்று போன வருஷம் போனேன். மேட்டையே காணோம், மண்ணை வழித்து மட்டமாக்கியிருந்தார்கள். கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. எந்த வரிசைக்குக் கீழே அவள் கிடக்கிறாள் என்று கேட்க, அங்கே ஒரு தமிழ் வீடுகூட இல்லை.