வெருளிக்கு முன்னால் வரிசையில் நின்ற மான்கள்

கடந்த வியாழக்கிழமை மாலை ஒரு மான் என் கணவரின் நீலச் சேர்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அதிகாரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பதறாதீர்கள். சேர்ட்டுக்குள் கணவர் இல்லை. வைக்கோல்தான் இருந்தது. கணவர் வீட்டில் அலுமாரியைக் கிளறி, சேர்ட் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் இருந்து சொல்கிறேனே…

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சின்னப் பூங்கா உண்டு. அங்கே மரம் நடும் தொண்டர் குழுவுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். யார் தெரிவு செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? யாருமில்லை. "ஆர் பொறுப்பு எடுக்கிறது?" என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

பூங்காவின் ஒரு மூலையை எங்களிடம் தந்த அதிகாரி அப்போதே சொல்லிவிட்டார். "மாரி முடியிற நேரம் வந்து பாப்பன் டீச்சர். பச்சை தெரிய வேணும். இல்லாட்டி வான் நிப்பாட்ட அந்த மூலையைக் குடுத்திடுவன்." சுற்றுலா வான்காரர்கள் வண்டி நிறுத்த அந்த இடத்தைக் கேட்டு அவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கோ அந்த மூலையை விட மனமில்லை. அதை ஒட்டித்தான் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நிழல் என்று ஒரு துண்டு கிடையாது. வெயிலுக்குப் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர்கள் நிற்பதைத் தினமும் பார்க்கிறேன்.

நடுகை நாளன்று கூட்டம் அலைமோதியது! கையுறை, தொப்பி, புது ரீசேர்ட். ஒரே ஒரு நாவல் கன்றை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றுவதுபோல் கெமராவைப் பார்த்தார்கள். கன்று மட்டும்தான் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால்… எல்லாம் குச்சி. இலை என்று மருந்துக்கும் இல்லை.

வேறு யார்? எங்கள் ஊர் மான்கள்தான். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் — இங்கே மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோட்டைப் பக்கம் படுத்திருக்கும், கடற்கரையில் உலாவும், பஸ் நிலையத்தில் ஆட்களோடு ஆட்களாக நிற்கும்.

வேலி போடலாமா என்று கேட்டோம். பொதுப் பூங்காவில் கூடாதாம். சரி, மறுபடி நட்டுவிட்டு, "காவலுக்கு யார் வருகிறீர்கள்?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கட்டைவிரல்கள் கொட்டின. இதயங்கள்கூட வந்தன. ஆள் மட்டும் வரவில்லை. நடுவதற்கு லொறியில் வந்த சனம், காப்பதற்கு ஒரு ஸ்கூட்டியில் வந்தது.

அந்த ஸ்கூட்டி நஸ்ரீனுடையது. கிண்ணியாவில் இருந்து பாலம் கடந்து வருகிற பிள்ளை. வாப்பாவுக்கு மரக்கறிக் கடை. நாங்கள் இரண்டு பேரும் எத்தனை நேரம் நிற்பது? எனக்குப் பள்ளி, அவளுக்குக் கடை.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. வெருளி! வயலில் குருவியை விரட்ட நிறுத்துவோமே, அதேதான். நஸ்ரீன் மாமாவின் வயலில் இருந்து வைக்கோல் கொண்டுவந்தாள். நான் கணவரின் நீலச் சேர்ட்டையும் இடுப்பில் கட்ட ஒரு பழைய சாரத்தையும் கொண்டுபோனேன். தலைக்கு ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, அதில் கண்ணும் மீசையும் வரைந்து, இரண்டு கைகளையும் விரித்து, அந்த மூலையின் நடுவில் நிறுத்தினோம். அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

விடியப் போனால், வெருளிக்கு முன்னால் மான்கள் வரிசையில் நிற்கின்றன! முன்னால் நின்ற கொம்பன் வெருளியாருடைய இடது கையைச் சாவதானமாக மென்றுகொண்டிருந்தது.

"டீச்சர், இதுகள் பயப்படல்ல," என்றாள் நஸ்ரீன். "கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, வாழைப்பழம் தாராருன்னு நெனச்சிருக்கும்!"

உண்மைதானே? இந்த மான்களுக்கு மனிதன் என்றால் பழம், பாண், பிஸ்கட். மனிதனைக் காட்டி மானை வெருட்டப் பார்த்திருக்கிறேன்! தலையில் அடித்துக்கொண்டேன். அழுகையும் வந்தது.

"அழாதீங்க டீச்சர், கன்டுகளப் பாருங்க."

பார்த்தேன். ஓர் இலையும் குறையவில்லை. அத்தனை வாய்க்கும் வேலை வெருளியிடம் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தொண்டு வேலை என்ன தெரியுமா? வெருளிக்குச் சாப்பாடு கட்டுவது. கடையில் கழித்த முட்டைக்கோவா இலை, கீரைத்தண்டு எல்லாம் அவருடைய சட்டைப் பைக்குள். கை தீர்ந்தால் புதுக் கை. வயிறு நிறைந்த மான்கள் மரக்கன்றுகளை எட்டியும் பார்க்கவில்லை. மாரி மழையில் அவை மளமளவென்று தளிர்த்தன.

போன வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பூங்கா வாசலிலேயே நின்று, "டீச்சர், அந்த நீலச் சேர்ட்காரர் ஆர்?" என்றார்.

நான் நஸ்ரீனைப் பார்த்தேன்.

"நான் கந்தோருக்கு வேலைக்குப் போகேக்கையும் நிக்கிறார், வரேக்கையும் நிக்கிறார். கொட்டுற மழைக்கும் குடையில்லாமல் நிக்கிறார். வாகனத்துக்குள்ள இருந்து நான் கை காட்டினனான். அவர் ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டார். இப்பிடிப்பட்ட மனுசன் நிக்கிற இடத்தை எப்பிடி வானுக்குக் குடுக்கிறது? ஒருக்கா அவரைச் சந்திக்க வேணும்."

நஸ்ரீன் அவசரமாகக் கடலைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மூலை போய்விடுமோ? சொல்லாமலும் ஏலாது, அவர் நடக்கத் தொடங்கிவிட்டார்.

"சேர்… அவர் வைக்கோல்," என்றேன்.

அவர் கிட்டப் போனார். ஒரு மான் கோவா இலையைச் சட்டைப் பையோடு சேர்த்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. மரக்கன்றுகளைப் பார்த்தார், சட்டித் தலையைப் பார்த்தார்.

கடைசியில், "வான்காரருக்கு வேற இடம் பாப்பம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கட கந்தோரிலயும் இப்பிடி நாலு பேர் இருக்கினம் டீச்சர். இவரால மானுக்காவது பிரயோசனம் இருக்கு."