மியூட் அண்ணன் நடத்திய பன்னாட்டு மாநாடு

எங்கள் கல்லூரியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் மியூட் அண்ணன். இணையவழி மாநாடுகள் தொடங்கிய நாளிலிருந்து, "சார், மியூட்ல இருக்கீங்க" என்று பத்தாயிரம் முறையாவது சொல்லியிருப்பார். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. நானாக இருந்தால் மூன்றாவது மாநாட்டிலேயே மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன்.

மாடிப்படிக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த இடம்தான் அவர் அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அங்கே குனிந்து உட்கார்ந்து எங்கள் அறிவுலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். மாநாட்டுக்கு முதல் நாளே எல்லோருடைய சான்றிதழையும் அடித்து வைத்துவிடுவார்.

"பேசுறதுக்கு முன்னாடியேவா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேசினப்புறம் என்ன சார் மாறப்போகுது?" என்றார்.

பார்வையாளர் சான்றிதழுக்கு உள்ளே நுழைந்தால் போதும். கட்டுரையாளர் சான்றிதழுக்கு மட்டும் வாயைத் திறந்து பேசியாக வேண்டும். கல்லூரியின் மானத்தைக் காப்பாற்ற முதல்வர் வைத்த விதி அது. அந்த விதியில் மாட்டிக்கொண்டவர் எங்கள் துறையில் ஏழு வருடமாகத் தற்காலிகமாகவே இருந்த விரிவுரையாளர் ஒருவர். பேருந்து நிறுத்த நிழற்குடைகளின் நிழல் உண்மையில் எங்கே விழுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அறுபத்திரண்டு நிறுத்தங்களில், இரண்டு வருடம், அளவு நாடாவோடு வெயிலில் நின்று அளந்திருந்தார். முந்தைய இரண்டு மாநாடுகளிலும் 'நேரமின்மை காரணமாக' அவரை விட்டுவிட்டார்கள். நேரத்தைத் தின்றவர்களுக்குப் பொன்னாடை.

மூன்றாவது மாநாட்டு நாளில்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி. மாலை ஐந்து மணிக்குள் கட்டுரையாளர் சான்றிதழோடு அனுப்ப வேண்டும். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

முதல்வரின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து இணைந்ததால் அது பன்னாட்டு மாநாடு. முதல்வர் பத்து மணிக்குத் தொடங்கி வைத்துவிட்டு, பன்னிரண்டுக்கு வந்து முடித்து வைப்பதாகச் சொல்லிக் காணாமல் போனார். சிறப்புரைப் பேராசிரியருக்குக் கொடுத்தது அரை மணி நேரம். பதினொன்றரைக்கும் அவர் தன் இளமைக் கால வறுமையைத்தான் விவரித்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் எண்பத்தேழு பேர். என்னையும் சேர்த்து ஒருவர் முகமும் திரையில் இல்லை. நான் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த விரிவுரையாளர் மியூட் அண்ணனை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறார். "அண்ணா, இன்னைக்கும் பேசாமலே முடிஞ்சிடுமா?"

"இருங்கம்மா, பாக்கறேன்."

அண்ணன் பேராசிரியரின் வாயை மூடவில்லை. அவ்வளவு மரியாதைக் குறைவான மனிதர் இல்லை அவர். மாநாட்டுக்குள்ளேயே தனி அறை ஒன்றைத் திறந்து, எங்கள் எல்லோரையும் ஒரே தட்டில் அங்கே மாற்றிவிட்டார். பேராசிரியரை மட்டும் பழைய அறையிலேயே விட்டுவிட்டார். திரை முழுக்கத் தன் படங்களையே விரித்து வைத்திருந்த அவருக்கு ஆள் போனதும் தெரியவில்லை. எங்களுக்கும் இடம் மாறியது தெரியவில்லை. வேறொரு குரல் கேட்டதும்தான் தலையைத் தூக்கினேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பாதிக்கு மேற்பட்ட நிழற்குடைகளின் நிழல் பின்னால் ஓடும் சாக்கடைக்குத்தான் கிடைக்கிறது என்றது அந்தக் குரல். கல்லூரி வாசல் நிறுத்தத்தின் படமும் வந்தது. பன்னிரண்டு வருடமாக நான் மண்டை காய நிற்கும் இடம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மைக்கைத் திறந்தேன். என் மாநாட்டு வாழ்க்கையில் முதல் தடவை.

"அந்தப் பெஞ்சை எந்தப் பக்கம் தள்ளிப் போட்டா நிழல் கிடைக்கும் மேடம்?"

"யாராவது கேப்பாங்கன்னு நினைக்கவே இல்ல சார்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நிதானமாக, அடிக்கணக்கோடு விளக்கினார்.

பதினைந்து நிமிடம் கழித்து அண்ணன் எங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டார். பேராசிரியர் இன்னும் வறுமையில்தான் இருந்தார். முடிக்கும்போது, "இப்படி மூச்சு விடாமல் கேட்ட அவையை நான் கண்டதில்லை" என்று நெகிழ்ந்தார். அடுத்த மாநாட்டுக்கும் அவரையே அழைப்பதாக, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்த முதல்வர் அறிவித்தார்.

விண்ணப்பம் நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது.

"அவங்க சான்றிதழையும் முதல் நாளே அடிச்சு வெச்சிருந்தீங்களா அண்ணே?" என்று பிறகொரு நாள் கேட்டேன்.

"இல்ல சார். ரெண்டு தடவை அடிச்சுட்டு, பேசலைன்னு நானே அழிச்சேன். மூணாவது தடவை முன்கூட்டி அடிக்கக் கை வரல" என்றார். "அது ஒண்ணுதான் பேசி முடிச்சப்புறம் அடிச்சது."