வாழைக்கு அடியில் புதைத்தவை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று இருபது. வீட்டுக்குப் பின்னாலிருந்து மகள் கத்தினாள்: "அம்மா, சீக்கிரம் வா! இதுக்கு வாயில நொரையா வருது!"

வாழைக்குப் பக்கத்தில் எங்கள் நாய் கால்களை அகட்டி நின்றிருந்தது. குட்டியிலிருந்து மகள் கையால் சோறு தின்று வளர்ந்த நாட்டு நாய். எச்சில் கயிறு போலத் தொங்கியது. தொடைச் சதை தனியாகத் துடித்தது. பிறகு பின்னங்கால் மடங்கி விழுந்தது.

வாழையடியில் நாய் புதிதாகப் பறித்த குழி. அதில் பாதி தின்ற மீன் தலை. அதைச் சுற்றி, மண்ணோடு சேராத நிறத்தில் சின்னக் குருணைகள்.

மீன் தலை நான் போட்டது. மீன் கழுவியதும் தலை, குடல் எல்லாவற்றையும் வாழையடியில் புதைப்பேன். நாற்றம் என்று கணவர் முகம் சுளிப்பார் என்பதால், அவருக்குத் தெரியாமல் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி மூடிவிடுவேன். ஆனால் குருணை?

அவர் மதியம்தான் பெங்களூருக்கு ரயில் ஏறியிருந்தார். வேலை அங்கே. பலமுறை போன் அடித்த பிறகு எடுத்தார்.

"வாழைக்கு ஏதாச்சும் மருந்து வெச்சீங்களா?"

"புழு இருக்குதுன்னு நேத்து கொஞ்சம் வெச்சு மூடுனேன். நீ சண்டைக்கு வருவேன்னுதான் சொல்லல. பாக்கெட்டு மோட்டார் ரூமுல இருக்குது. ஏன், என்னாச்சு?"

போனை வைத்துவிட்டு மோட்டார் அறைக்கு ஓடிப் பாக்கெட்டை எடுத்தேன்.

கால்நடை மருத்துவரை அழைத்தேன். "பாக்கெட்டக் கையில வெச்சிருங்க. வாயில எதையும் ஊத்திராதீங்க. வத்தல்மலையில மாட்டுக்குக் கன்னு மாட்டிக்கிச்சு, எடுத்துட்டு வந்தர்றேன்."

"எவ்ளோ நேரமாகும் சார்?"

"மலை எறங்கணுமில்லீங்க."

நாயை அவரிடமே கொண்டுபோய்விடலாம் என்று நெடுஞ்சாலைக்கு ஓடி ஒரு ஆட்டோவைக் கூட்டி வந்தேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்ததும் பின்வாங்கினார். "வெறி புடிச்சதாட்டம் இருக்குது. எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க." பாக்கெட்டைக் காட்டிக் கெஞ்சினேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் புளி கரைத்த சொம்போடு வந்தாள். "ஊத்துக்கா, எல்லாம் வெளிய வந்துரும்."

"டாக்டர் வேண்டாம்னாரு."

"டாக்டரு மலையில இருக்காரு. நாய் இங்கதான கெடக்குது!"

சொம்பை வாங்கிவிட்டேன். ஊற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நாயின் விலா ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கினால் மறுபடி ஏறுகிறதா என்று பார்த்தேன். மகள் அதன் தலையை மடியில் போட்டு, வழிந்த நுரையை வழித்து வழித்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சாவுமா?" என்று கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வெயில் சுவரை விட்டு இறங்கிய பிறகுதான் பைக் சத்தம் கேட்டது. மருத்துவரின் சட்டையில் மாட்டின் ரத்தம் காய்ந்திருந்தது. பாக்கெட்டைப் படித்தார், நாயின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார், கையுறை மாட்டி ஊசி போட்டார்.

"உசுரு இருக்குது," என்றார். "பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க." அடுத்த மருந்தை ஏற்றப் போனவர் மகளின் ஈர உள்ளங்கையைப் பார்த்து நிறுத்தினார்.

"வெறுங்கையிலயா தொடச்சுது பாப்பா? நொரையிலயும் வெசம் இருக்குமுங்க. ஏங்க, நாய நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல உங்க புள்ளைக்கு சோப்பு போட்டுக் கையக் கழுவி வுடுங்க."