மகனுக்கு மேலே ஓர் இடம்

அந்தப் படைவீரர் மயானத்தில் எல்லாரும் அவளைக் கல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லறைக் கற்களைத் தேய்த்துக் கழுவுவது அவள் வேலை. மனசும் கல்தான் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவள் காதில் விழாமலும் இல்லை.

மயானம் முதலில் குதிரைகள் மேய்ந்த வெறும் பொட்டல். பெரிய சண்டையில் செத்தவர்களைக் கொண்டுவந்து இறக்கியபோது கல் ஏது, எண் எழுதிய மரக்கட்டைதான். கரையான் தின்றதில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்பதே பாதிக்குத் தெரியாமல் போனது. அப்புறம்தான் கல் வந்தது, சுற்றுச்சுவர் வந்தது. பிழைத்து வந்த சிப்பாய்களும் வயசாகி ஒவ்வொருவராக வந்து சேர, இடம் நெருக்கியது. அதனால் ஆழக்குழி என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். சிப்பாய் அடியில், அவன் பெண்டாட்டி, காலம் முடிந்து வரும்போது, அவனுக்கு மேலே. அவள் மறுகல்யாணம் செய்துகொண்டால் அந்த மேலிடம் அவனைப் பெற்ற தாய்க்கு.

கல்லக்காவின் ஒரே மகன் அந்த ஏற்பாட்டில்தான் போனான். புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்து, கல் கழுவியே வளர்த்த பிள்ளை. கல்யாணமாகி ஒரு மாசத்தில் எல்லைக்குப் போனவன் ஆணியடித்த பெட்டியில் திரும்பினான். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துக் கொட்டுகிற மழை. குழிக்காரர் அவசர அவசரமாக மூடினார்.

"எல்லாம் நீ வந்த நேரம்டி" என்று மருமகளை வீட்டைவிட்டுத் துரத்தினாள் கல்லக்கா. அந்தப் பெண் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடப் போனாள்.

அதோடு விட்டாளா? துரத்திய மருமகளுக்கு இவளே மாப்பிள்ளை தேடிக் கிளம்பினாள். பெண்டாட்டியை இழந்த பஸ் டிரைவர் ஒருவர், பல்செட் கட்டிய கடிகாரக் கடைக்காரர் ஒருவர். மாமியார் மனசு இளகிவிட்டது என்று ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது. மருமகளுக்குத்தான் உள்ளே இருக்கிற கணக்கு தெரியும்.

"ஏன் அத்தை, நீங்க படுக்க இடம் வேணும்னு நான் இன்னொருத்தனுக்குச் சோறாக்கணுமா?" என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு மாசம் குடும்பம் நடத்துனவ நீ. பத்து மாசம் சுமந்தவ நான்."

"அந்த ஒரு மாசம்தான் எங்கிட்ட இருக்கு. அதையும் புடுங்காதீங்க."

கல்லக்கா, கடை வாசலில் நிறுத்தியிருந்த கடிகாரக்காரரைக் கூட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

வருஷங்கள் ஓடின. மருமகள் நாற்பதைத் தொடுவதற்குள் நெஞ்சுச்சளி முற்றி, மாமியாரை முந்திக்கொண்டாள். அவள் அண்ணன் பெட்டியோடு மயான வாசலில் வந்து நின்றார்.

குழிக்காரர் தோண்டினார். இடுப்பளவு போகுமுன்பே மண்வெட்டி மரத்தில் மோதியது. உள்ளிருந்தபடியே கல்லக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குத் தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சுக்கா. ஆழத்துக்குப் போக முடியல. யார்கிட்டயும் சொல்லாம மூடிட்டேன்."

இரண்டு பெண்கள் இத்தனை காலம் இழுத்துக்கொண்ட இடம் இல்லவே இல்லை.

மயான மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "பெட்டிய வெளிய எடுத்து, ஆழப்படுத்தித் திரும்ப வைக்கலாம். ஆனா பெத்தவங்க சம்மதிக்கணும். இல்லேன்னா இந்தம்மாவச் சுவருக்கு வெளிய, பொது மயானத்துலதான் வைக்கணும்."

மருமகளின் அண்ணன் தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகன் கலையாமல் கிடப்பான், அவள் வெளியே போவாள். கல்லக்கா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

"எடு" என்றாள். "பாத்து எடு."

அன்றைக்கு ஆறு பேர் சுமந்து வந்த பெட்டியை இரண்டு பேர் தூக்கினார்கள். அடிப்பலகை இற்றிருந்ததால் கீழே வேறொரு பலகையைக் கொடுத்துக் கரையில் வைத்தார்கள். கல்லக்கா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிமேல் கையை வைத்தாள். குழி ஆழமாகும்வரை எடுக்கவில்லை.

"போதுமாக்கா?" என்றார் குழிக்காரர், தலை மறைகிற ஆழத்திலிருந்து.

"இன்னும் போ."

முதலில் மகனை இறக்கினார்கள், அவனுக்குமேல் மண், அதற்குமேல் மருமகள்.

"உங்களுக்கு எங்கக்கா?" என்று கேட்டார் குழிக்காரர்.

"வெளிய இல்லாத எடமா. நீ மொதல்ல மூடு."

அடுத்த மழைக்காலத்தில் கல்லக்கா போய்ச் சேர்ந்தாள். சுவருக்கு வெளியே பொது மயானத்தில் வைத்தார்கள். அங்கே கல் நடுவதில்லை.